மின்னஞ்சல் செயலி

மின்னஞ்சல் செயலி என்பது மின்னஞ்சலை எழுதவும், அனுப்பவும், பெறவும், படிக்கவும், சேமித்து ஒழுங்குபடுத்தவும் பயன்படும் மென்பொருள் ஆகும். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் தண்டர்பேர்டு, அவுட்லுக், ஆப்பிள் மெயில் போன்றவையும், உலாவியின் ஊடாகப் பயன்படுத்தும் ஜிமெயில், யாகூ மெயில் போன்ற வலையஞ்சல் சேவைகளும், திறன்பேசிகளில் இயங்கும் அஞ்சல் செயலிகளும் இதில் அடங்கும். வழங்கி எனப்படும் தொலைவிலுள்ள கணினியிடமிருந்து மடலைப் பெற்றுத் தருவதால் இதனை மின்னஞ்சல் வாங்கி என்றும் சிலர் குறிப்பிடுவர்.

இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு திரையின் தோற்றத்தில் மட்டுமே இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். ஒரு மடல் எந்தக் கணினியின் வன்தட்டில் இருக்கிறது, அதனை அழிக்கவோ பூட்டவோ யாரால் இயலும் என்பதே அடிப்படை வேறுபாடு ஆகும். பல ஆண்டு மடல்களை ஒரே நாளில் இழந்தவர்களுள் பெரும்பாலோர் இதனை இழந்த பின்னரே அறிந்துகொள்கின்றனர்.

மடல் செல்லும் வழி

மின்னஞ்சல் செயலி மடலைத் தானே கொண்டுசென்று உரியவரிடம் சேர்ப்பதில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், செயலி மடலைத் தன் சேவை வழங்குநரின் வெளிச்செல் வழங்கியிடம் ஒப்படைக்கிறது. அவ்வழங்கி, முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள ஆள்களப் பெயரை எடுத்துக்கொண்டு, அந்த ஆள்களத்தின் அஞ்சலை ஏற்கும் கணினி எது என்பதை டிஎன்எஸ் எனப்படும் பெயர் முறைமையிடம் கேட்டறிந்து, மடலை அங்கே அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள வழங்கி அதனைப் பெறுநரின் பெட்டியில் இடுகிறது. இவ்விரு கட்டங்களிலும் பயன்படுவது எஸ்எம்டிபி நெறிமுறை ஆகும். இதனை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார்.

எஸ்எம்டிபியின் வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. பெட்டியில் கிடக்கும் மடலைப் பெறுநர் எப்படி எடுத்துப் படிப்பார் என்பது பற்றி அந்நெறிமுறை எதுவும் கூறுவதில்லை. அந்த இறுதிக் கட்டத்தில்தான் மின்னஞ்சல் செயலிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

தொடக்க காலம்

1971 ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலில் மடல் அனுப்பியபோது, எழுதுவதற்கு ஒரு நிரலும் படிப்பதற்கு வேறொரு நிரலும் இருந்தன. வந்த மடல்கள் எல்லாம் ஒரே கோப்பில் அடுத்தடுத்துச் சேர்ந்துகொண்டே இருக்கும். கடைசி மடலைப் படிக்க வேண்டுமெனில் முழுக் கோப்பையும் திரையில் ஓடவிட வேண்டும். இந்தத் தொல்லையைப் போக்க லாரி ராபர்ட்ஸ் 1972 இல் ஆர்டி என்ற நிரலை எழுதினார். மடல்களைப் பட்டியலிட்டு, வேண்டியதைத் தேர்ந்து படிக்க அது உதவியது. 1975 இல் ஜான் விட்டல் எழுதிய எம்எஸ்ஜி என்ற நிரலில், வந்த மடலுக்கு மறுமொழி எழுதும்போது முகவரி தானாகவே நிரம்பும் வசதி இருந்தது. இன்று எல்லாச் செயலிகளிலும் காணப்படும் மறுமொழிப் பொத்தானின் முன்னோடி இதுவே.

அக்காலத்தில் பயனர்கள் அனைவரும் ஒரு பெரிய கணினியுடன் இணைந்த முனையங்களில் அமர்ந்தே வேலை செய்தனர். எனவே வழங்கியில் உள்ள மடல், தன் கணினியில் உள்ள மடல் என்ற பிரிவினையே எழவில்லை. எல்ம், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989 இல் உருவான பைன் ஆகிய எழுத்துவழிச் செயலிகள் இம்மரபைச் சேர்ந்தவை. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, குறைந்த கட்டண எழுத்துவழிக் கணக்கு பெற்ற மாணவர்கள் பலர் முதன்முதலில் கண்ட அஞ்சல் செயலி பைன்தான்.

பாப்3

மேசைக்கணினிகள் பரவியபோது நிலைமை மாறியது. வீட்டிலுள்ள கணினி நாள் முழுவதும் இணையத்தில் இருப்பதில்லை. தொலைபேசி வழி இணைப்பில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. எனவே இணைப்பை ஏற்படுத்தி, மடல்களை விரைவாக இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஓய்வாகப் படிக்கும் முறை தேவைப்பட்டது. இதற்கெனவே பாப் நெறிமுறை உருவானது. அதன் மூன்றாம் பதிப்பான பாப்3 1988 இல் வெளியானது. இன்று வழக்கிலுள்ள வடிவம் 1996 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1939 இல் உள்ளது.

பாப்3 மிக எளிய நெறிமுறை. செயலி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தருகிறது, எத்தனை மடல்கள் உள்ளன என்று கேட்கிறது, ஒவ்வொன்றாக இறக்குகிறது, இறக்கியதை அழிக்குமாறு சொல்கிறது, விடைபெறுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. அழிக்குமாறு சொன்ன மடல்களை வழங்கி உடனே அழிப்பதில்லை. செயலி முறைப்படி விடைபெற்ற பின்னரே அழிக்கிறது. இடையில் தொலைபேசி இணைப்பு அறுந்தால் எதுவும் அழிந்திருக்காது. மடல் தொலைந்துபோகாமல் இருக்கச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு இது. ஆனால் அடுத்த முறை இணைக்கும்போது அதே மடல்கள் மீண்டும் வந்து சேரும். தொலைபேசி வழி இணைப்புக் காலத்தில் ஒரே மடல் மூன்று நான்கு முறை வந்து விழுந்ததைப் பார்த்து வியந்தவர்களுக்கு விளக்கம் இதுதான்.

இம்முறையில் மடல் முழுமையாகப் பயனரின் கைக்கு வந்துவிடுகிறது. வழங்கியில் படி எதுவும் எஞ்சுவதில்லை. சேவை வழங்குநர் கடையை மூடினாலும் பழைய மடல்கள் பயனரிடம் இருக்கும். மறுபுறம், அந்த ஒரு வன்தட்டு பழுதடைந்தால் எல்லாம் போயிற்று. அலுவலகக் கணினியில் இறக்கிய மடலை வீட்டில் படிக்கவும் இயலாது. வழங்கியில் ஒரு படியை விட்டுவைக்கும் தெரிவு பிற்காலச் செயலிகளில் இருந்தது. எனினும் எது படித்தது, எதற்கு மறுமொழி எழுதப்பட்டது என்ற செய்தியை பாப்3 பகிர்ந்துகொள்வதில்லை.

பாப் காலத்தின் புகழ்பெற்ற செயலி யூடோரா. இலினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டீவ் டார்னர் இதனை 1988 இல் எழுதினார். நாள் முழுவதும் மடல்களிலேயே மூழ்கிக் கிடந்ததால், தான் அஞ்சலகத்தில் வாழ்வதற்கான காரணத்தை ஒரு பெண் கூறுவதாக அமைந்த சிறுகதை அவருக்கு நினைவுக்கு வந்தது. அதனை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் பெயரையே செயலிக்கு இட்டார். பின்னர் குவால்காம் நிறுவனம் இதனை எடுத்துக்கொண்டது. 2006 இல் இறுதிப் பதிப்பு வெளிவந்தது. 2018 இல் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் இதன் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது.

ஐமேப்

ஐமேப் நெறிமுறையை மார்க் கிரிஸ்பின் 1986 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவமைத்தார். இது பாப் முறைக்கு நேர்மாறானது. மடல் வழங்கியிலேயே இருக்கிறது. செயலி அதனைப் பார்க்கும் சாளரம் மட்டுமே. கோப்புறைகள், படித்தவை, விண்மீன் இட்டவை, மறுமொழி எழுதியவை என எல்லாச் செய்திகளும் வழங்கியில் பதிவாகின்றன. மடலின் தலைப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, பெரிய இணைப்புக் கோப்பை இறக்காமல் விடவும் முடியும். எத்தனை கருவிகளிலிருந்து பார்த்தாலும் பெட்டி ஒரே நிலையில் காணப்படும். 1997 இல் சேர்க்கப்பட்ட ஒரு விரிவாக்கம், புதிய மடல் வந்ததும் வழங்கியே செயலிக்கு அறிவிக்க வழிசெய்தது. 2003 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3501 நெடுங்காலம் இதன் அடிப்படை ஆவணமாக விளங்கியது. 2021 இல் திருத்திய பதிப்பு வெளியானது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். ஐமேப் மூலம் கணினியில் மடல்கள் தெரிவதால், அங்கு ஒரு காப்பு நகல் இருப்பதாகப் பலர் நம்புகின்றனர். ஐமேப் செய்வது ஒத்திசைவு, காப்பு அன்று. திறன்பேசியில் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், அடுத்த முறை இணையும்போது மேசைக்கணினியும் அந்த அழிப்பைக் கீழ்ப்படிதலுடன் பின்பற்றும். வழங்கியில் கணக்கு மூடப்பட்டால் கணினியில் உள்ள படியும் நாளடைவில் பயனற்றுப் போகலாம். எனவே வைத்திருக்க விரும்பும் மடல்களை, செயலியில் உள்ள உள்ளகக் கோப்புறை ஒன்றுக்கு நகலெடுத்து வைப்பதே முறை. உள்ளகக் கோப்புறைகளை ஐமேப் தொடுவதில்லை.

வன்தட்டில் மடல்கள்

கணினியில் சேமிக்கப்படும் மடல்கள் எந்த வடிவில் உள்ளன என்பது, அவற்றைப் பிற்காலத்தில் படிக்க இயலுமா என்பதைத் தீர்மானிக்கிறது. எம்பாக்ஸ் என்ற பழைய வடிவில் ஒரு கோப்புறையின் மடல்கள் எல்லாம் ஒரே எழுத்துக் கோப்பில் தொடர்ச்சியாக எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் ஃபிரம் என்ற சொல்லுடன் தொடங்கும் வரியே புதிய மடலின் அடையாளம். மடலின் உள்ளேயே ஒருவர் அச்சொல்லுடன் ஒரு வரியைத் தொடங்கினால் குழப்பம் நேரும் என்பதால், செயலிகள் அவ்வரிக்கு முன் ஓர் அம்புக்குறியை இட்டுவிடும். பழைய மடல்களில் காரணமின்றித் தென்படும் அந்த அம்புக்குறி அனுப்பியவர் இட்டதன்று. தண்டர்பேர்டு இவ்வடிவையே இயல்பாகப் பயன்படுத்துகிறது. அதில் மடலை அழித்தால் கோப்பு உடனே சிறிதாவதில்லை. சுருக்கும் கட்டளை இயங்கிய பின்னரே இடம் விடுபடும்.

மெயில்டிர் என்ற மற்றொரு வடிவில் ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பு. ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும்.

மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. மடல், நாட்காட்டி, முகவரிகள் அனைத்தும் ஒரே இரும வடிவக் கோப்பில் அடங்கும். அவுட்லுக் 2002 பதிப்பு வரை இக்கோப்பின் உச்ச அளவு 2 கிகாபைட்டு. அந்த எல்லையைத் தாண்டிய கோப்பு பழுதடைந்து திறக்க மறுக்கும். அதனைச் சரிசெய்ய, கோப்பின் இறுதிப் பகுதியை வெட்டியெறியும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வெளியிட்டது. வெட்டப்பட்ட பகுதியில் இருந்த மடல்கள் போனவை போனவைதாம். அவுட்லுக் 2003 இல் அறிமுகமான புதிய வடிவம் இந்த எல்லையை நீக்கியது. அதற்குள் பல அலுவலகங்கள் ஒருமுறையேனும் அந்தக் கருவியைத் தேடியிருக்கும்.

வலையஞ்சல்

உலாவியின் ஊடாகவே மடலைப் படிக்கும் முறை வலையஞ்சல் எனப்படும். இதனைப் பரவலாக்கியது சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில் ஆகும். இணையச் சேவை வழங்குநரைச் சாராத விடுதலை என்று உணர்த்தும் வகையில் அமெரிக்க விடுதலை நாளான 1996 ஜூலை 4 அன்று இது வெளியிடப்பட்டது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் நான்கு ஆங்கில எழுத்துகளும் அதன் பெயருக்குள் வரிசையாக அமைந்திருந்தன. 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் இதனை வாங்கியது. அதே ஆண்டு யாகூ, ராக்கெட்மெயில் என்ற சேவையை வாங்கி யாகூ மெயிலாக மாற்றியது.

சொந்தக் கணினி இல்லாதவருக்கும் முகவரி ஒன்று கிடைத்தது என்பதே வலையஞ்சலின் பெரும் பயன். தமிழகத்து நகரங்களில் பிரவுசிங் சென்டர்கள் பெருகிய காலத்தில், மணிக்கணக்கில் காசு கொடுத்து அமரும் பொதுக் கணினியில் பாப்3 செயலியை நிறுவி மடல்களை இறக்கிவைப்பது நடவாத காரியம். எழுந்து போனதும் அடுத்தவர் அமர்ந்துவிடுவார். வேலைவாய்ப்புக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பித்த ஒரு தலைமுறை மாணவர்களின் முதல் முகவரி வலையஞ்சல் முகவரியாக இருந்ததற்குக் காரணம் இதுவே. விடைபெறும் பொத்தானை அழுத்த மறந்து எழுந்து போவது அக்காலத்தின் தனிப்பட்ட இடர்.

தொடக்க கால வலையஞ்சலுக்குக் குறைகளும் இருந்தன. ஒவ்வொரு சொடுக்குக்கும் பக்கம் முழுவதும் புதிதாக இறங்க வேண்டும். இடம் மிகக் குறைவு; ஹாட்மெயில் 2 மெகாபைட்டு மட்டுமே தந்தது. சில படங்கள் வந்தால் பெட்டி நிறைந்துவிடும். அதன் பின்னர் வரும் மடல்கள் அனுப்பியவருக்கே திரும்பும். வெளியேறும் வழியும் அடைபட்டிருந்தது. யாகூ 2002 இல் இலவசப் பயனர்களுக்கு பாப்3 வசதியை நிறுத்தியது. மடல்களைத் தன் கணினிக்கு எடுத்துக்கொள்ள விரும்பியவர் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. 1999 ஆகஸ்டில் வெளிப்பட்ட ஒரு வழு, கடவுச்சொல் அறியாமலே எந்த ஹாட்மெயில் பெட்டியையும் எவரும் திறக்கும்படி செய்தது. ஒரு வீட்டுக் கணினியில் உள்ள ஓட்டை அந்த வீட்டை மட்டும் பாதிக்கும். ஒரே வழங்கியில் கோடிக்கணக்கானோரின் மடல்கள் இருந்தால் ஓர் ஓட்டை எல்லோரையும் பாதிக்கும்.

பக்கம் முழுவதும் இறங்கும் குறையை நீக்கிய நுட்பம் ஓர் அஞ்சல் செயலிக்காகவே பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்சு வழங்கிக்கான வலைவழி அவுட்லுக்கை எழுதியவர்கள், பக்கத்தை மாற்றாமலே பின்னணியில் தரவைக் கேட்டுப் பெறும் ஒரு கூற்றை உருவாக்கினர். அது 1999 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியுடன் வெளிவந்தது. 2005 இல் ஏஜாக்ஸ் என்ற பெயரைப் பெற்று, வலைச் செயலிகள் அனைத்துக்கும் அடித்தளமாக அமைந்தது அந்நுட்பமே.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. பால் புக்கெயிட் உருவாக்கிய இச்சேவை 1 கிகாபைட்டு இடம் தந்தது. ஹாட்மெயில் தந்ததைப் போல் ஏறத்தாழ 500 மடங்கு என்பதால், அன்றைய நாளைக் கருதிப் பலர் இதனை முட்டாள்கள் நாள் வேடிக்கை என்றே எண்ணினர். அழிக்கத் தேவையில்லை, தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை ஜிமெயில் கொண்டுவந்தது. கோப்புறைகளுக்குப் பதிலாக விருப்பத்துக்கேற்ப இடும் குறிச்சொற்கள் இருந்தன. ஒரே பொருள் பற்றிய மடல்கள் உரையாடலாகத் தொகுக்கப்பட்டன. தொடக்கத்தில் அழைப்பு பெற்றவர்களே சேர முடிந்தது. 2007 பிப்ரவரியில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. ஜிமெயில் 2004 நவம்பரிலேயே பாப்3 வசதியையும் 2007 அக்டோபரில் ஐமேப் வசதியையும் கட்டணமின்றித் தந்தது பாராட்டத்தக்கது. மடலின் உள்ளடக்கத்தைப் பொறிகள் படித்து அதற்கேற்ப விளம்பரம் காட்டியது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்நடைமுறையைக் கைவிடுவதாக 2017 இல் கூகுள் அறிவித்தது.

குறிச்சொல் முறை ஐமேப்பின் கோப்புறை முறையுடன் முழுமையாகப் பொருந்துவதில்லை. இரண்டு குறிச்சொற்கள் உள்ள ஒரு மடல், தண்டர்பேர்டில் இரண்டு கோப்புறைகளிலும் அனைத்து மடல்கள் என்ற மூன்றாவது கோப்புறையிலும் தோன்றும். ஒன்றில் அழித்தால் மற்றவற்றில் இருப்பதைக் கண்டு பயனர் திகைப்பார். உண்மையில் இருப்பது ஒரே மடல்.

2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயில் பயனர்களுள் ஒரு சிறு பகுதியினர் தங்கள் பெட்டி வெறுமையாக இருக்கக் கண்டனர். சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் இருந்த வழு அதற்குக் காரணம். கூகுள் ஒவ்வொரு மடலையும் பல தரவு மையங்களில் படியெடுத்து வைப்பது வழக்கம். ஆனால் வழு அந்தப் படிகளையும் தொட்டுவிட்டது. இறுதியில், கணினிகளுடன் இணைக்கப்படாமல் தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்களிலிருந்தே மடல்கள் மீட்கப்பட்டன. பாதிக்கப்பட்டோர் 0.02 விழுக்காட்டினர் என்று அந்நிறுவனம் தெரிவித்தது. படிகளின் எண்ணிக்கையைவிட அவை ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருப்பதே முதன்மை என்று பொறியாளர்கள் கூறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

தமிழ் மடல்கள்

மின்னஞ்சல் நெறிமுறைகள் 7 துணுக்கு ஆங்கில எழுத்துகளை மட்டுமே கருத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. பிற மொழி எழுத்துகளையும் படம், ஒலி போன்ற கோப்புகளையும் அனுப்ப, நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் 1992 இல் மைம் என்ற முறையை வகுத்தனர். இதன்படி எல்லாத் தரவும் ஆங்கில எழுத்துகளாக உருமாற்றப்பட்டு அனுப்பப்படும். மடலின் தலைப்பகுதியில் எந்தக் குறிமுறை பயன்பட்டது என்பது குறிக்கப்படும்.

அந்தக் குறிப்புதான் தமிழர்களுக்குத் தலைவலியாக இருந்தது. 2000களின் முற்பகுதியில் பலர் தகுதரம் எனப்படும் டிஸ்கி போன்ற 8 துணுக்குக் குறிமுறைகளில் எழுதினர். டிஸ்கி இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையத்தில் பதிவு பெற்றது 2007 இல்தான். எனவே அதற்கு முன் செயலிகள் அம்மடலை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்றே குறித்து அனுப்பின. பெறுபவர் அதே எழுத்துருவை நிறுவி, செயலியின் எழுத்துரு அமைப்பை மாற்றினால் மட்டுமே தமிழ் தெரியும். இல்லையெனில் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்ட இலத்தீன் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒருங்குறி வந்த பின்னரும் பல வலையஞ்சல் பக்கங்கள் பழைய குறிமுறையிலேயே இருந்ததால், உலாவியின் பட்டியில் சென்று யுடிஎஃப்-8 என்பதை ஒவ்வொரு முறையும் கையால் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது.

ஒருங்குறியில் தமிழ் மடல் எவ்வளவு இடம் கொள்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தமிழ் என்ற சொல்லை நாம் மூன்று எழுத்துகளாக எண்ணுகிறோம். ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டு, மொத்தம் 15. மைம் தரும் இரு உருமாற்றங்களுள் ஒன்றில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்துகளாகும். எனவே 45 எழுத்துகள். பேஸ்64 என்ற மற்றதில் 3 பைட்டு 4 எழுத்துகளாகும். எனவே 20 எழுத்துகள். தமிழுக்கு இரண்டாவதே சிக்கனம். படங்கள் போன்ற இணைப்புக் கோப்புகளும் பேஸ்64 ஆகவே செல்வதால், 6 மெகாபைட்டுப் படம் மடலில் 8 மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகிறது. நொடிக்கு 56 கிலோபிட்டு வேக இணைப்பில் இதனை இறக்க ஏறத்தாழ 19 நிமிடங்கள் பிடிக்கும்.

மடலின் பொருள் வரிக்கு மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 1996 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2047 இன்படி, உருமாற்றிய ஒரு துண்டு 75 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. குறிமுறையின் பெயர் முதலியவற்றுக்கு 12 எழுத்துகள் போக, எஞ்சிய இடத்தில் பேஸ்64 வழியே 15 தமிழ்க் குறியீடுகள் மட்டுமே அடங்கும். எனவே சற்று நீளமான தமிழ்ப் பொருள் வரி எதுவும் துண்டுகளாகவே செல்கிறது. ஒரு குறியீட்டின் 3 பைட்டுகளுக்கு நடுவில் வெட்டக் கூடாது என்று அந்த ஆவணம் தெளிவாகக் கூறியிருந்தும், கவனமின்றி எழுதிய நிரல்கள் பைட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெட்டிவிடுகின்றன. தமிழ்ப் பொருள் வரியின் இடையில் வினாக்குறியோ கட்டமோ தோன்றினால் அதுவே பெரும்பாலும் காரணம். மடலின் உடல் சரியாக இருக்கும்; தலைப்பு மட்டும் சிதைந்திருக்கும்.

முகவரியையே தமிழில் எழுதும் முறைக்கான நெறிமுறைகள் 2012 இல் வெளியாயின. .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய தமிழ் ஆள்களங்கள் அதற்கு முன்பே ஒப்புதல் பெற்றிருந்தன. 2014 இல் ஜிமெயில் இத்தகைய முகவரிகளுக்கு மடல் அனுப்பவும் பெறவும் வழிசெய்தது. எனினும் வழியிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் இதனை ஏற்க வேண்டும் என்பதால், பல வலைப் படிவங்கள் இன்றும் தமிழ் முகவரியைப் பிழை என்று தள்ளுகின்றன.

செல்பேசிகளில் மின்னஞ்சல்

1999 இல் ரிம் நிறுவனம் வெளியிட்ட பிளாக்பெர்ரி 850, மடலைத் தேடிச் செல்லாமல் மடலே கருவியைத் தேடி வரும் முறையைக் கொண்டுவந்தது. மடல் வந்ததும் நிறுவனத்தின் வழங்கிகள் அதனைச் சுருக்கிக் கருவிக்குத் தள்ளிவிடும். மின்கலமும் அலைவரிசையும் சிக்கனமாகச் செலவாயின. ஆனால் எல்லா மடலும் நடுவில் ஒரே நிறுவனத்தின் கணினிகளைச் சார்ந்திருந்தது. 2022 ஜனவரி 4 அன்று பழைய பிளாக்பெர்ரி இயங்குதளங்களுக்கான சேவைகள் நிறுத்தப்பட்டபோது, பழுதின்றி இருந்த கருவிகளும் பெரும்பாலும் செயலிழந்தன.

2007 இல் ஐஃபோனும் 2008 இல் ஆண்ட்ராய்டும் வந்த பின் கைக்கருவியே பலருக்கு முதன்மை அஞ்சல் பெட்டியாயிற்று. ஆண்ட்ராய்டுக்கான கே-9 மெயில் என்ற கட்டற்ற செயலி 2022 இல் தண்டர்பேர்டு திட்டத்துடன் இணைந்தது. 2024 அக்டோபரில் அதன் வழிவந்த ஆண்ட்ராய்டுத் தண்டர்பேர்டு வெளியானது.

செல்பேசி அஞ்சல் செயலிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில செயலிகள் பயனரின் வழங்கியுடன் நேரடியாகப் பேசுகின்றன. வேறு சில, செயலியை உருவாக்கிய நிறுவனத்தின் வழங்கிகள் வழியாகப் பேசுகின்றன. உடனடி அறிவிப்பும் விரைவான தேடலும் தர இது வசதி. அப்போது மடல்களின் படி மூன்றாவது இடத்திலும் உருவாகிறது. மேசைக்கணினிகளிலும் இது பரவிவருகிறது. விண்டோசுடன் வந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 இறுதியில் முடிவடைந்து, அதனிடத்தில் புதிய அவுட்லுக் வந்தது. பார்வைக்கு இது நிறுவிய செயலி; உள்ளே இயங்குவது வலையஞ்சல். வேறு வழங்குநரின் ஐமேப் கணக்கை இதில் சேர்த்தால், அம்மடல்கள் மைக்ரோசாஃப்டின் வழங்கிகளுடன் ஒத்திசைக்கப்படுகின்றன. கணக்கைச் சேர்க்கும்போது தோன்றும் சாளரம் இதனைத் தெரிவிக்கிறது. அதனைப் படிக்காமல் அடுத்து என்ற பொத்தானை அழுத்துவது நம் வழக்கம்.

பாதுகாப்பு

செயலியின் வசதிகளே அதன் பலவீனமாக மாறியதற்கு 2000 மே 4 அன்று பிலிப்பைன்சிலிருந்து பரவிய காதல் மடல் நச்சுநிரல் சான்று. எழுத்துக் கோப்பு போலத் தோன்றிய இணைப்பு, உண்மையில் இயங்கும் நிரல். கோப்பின் இறுதிப் பின்னொட்டை விண்டோசு மறைத்துக் காட்டியதால் பலர் ஏமாந்தனர். திறந்ததும் அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவரிடமிருந்து வந்ததால் அவர்களும் திறந்தனர்.

மடலில் உள்ள படங்களும் உளவு பார்க்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவிலான படத்தை மடலில் வைத்து, அது தரவிறக்கப்படும் நேரத்தைக் கொண்டு மடல் திறக்கப்பட்டதை அனுப்பியவர் அறியலாம். இதனால்தான் நிறுவப்படும் செயலிகள் பல, வெளிப்படங்களை இயல்பாகக் காட்டுவதில்லை. ஜிமெயில் 2013 முதல் படங்களைத் தன் வழங்கி வழியாகவே தருகிறது. ஆப்பிள் மெயில் 2021 இல் இதையொத்த காப்பைச் சேர்த்தது.

நெடுங்காலம் செயலிகள் பயனரின் கடவுச்சொல்லையே சேமித்துவைத்து வழங்கிக்கு அனுப்பின. 2022 மே மாத இறுதியில் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு இம்முறையை நிறுத்தியது. அதன் பின் உலாவியில் ஒருமுறை புகுபதிகை செய்து, செயலிக்கு அனுமதிச் சீட்டு ஒன்று பெறும் ஓஆத் முறையே வழக்கமாயிற்று. பாதுகாப்பு கூடியது உண்மை. எனினும் எந்தச் செயலிக்கு அனுமதி என்பதை வழங்குநரே தீர்மானிக்கும் நிலையும் இதனால் வந்தது. பழைய செயலிகள் பலவற்றில் ஜிமெயில் திறக்காமல் போனது இதன் விளைவே. எந்த நெறிமுறை ஆவணத்திலும் அச்செயலிகள் பிழை செய்திருக்கவில்லை.

மடல்களை இடம் மாற்றுதல்

ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்கு மாற, இரு கணக்குகளையும் ஐமேப் வழியாக ஒரே செயலியில் சேர்த்து, மடல்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கலாம். ஆயிரக்கணக்கான மடல்கள் இருந்தால் ஆண்டுவாரியாகப் பிரித்துச் செய்வது நல்லது. இணைப்பு இடையில் அறுந்தால் எதுவரை நகலாயிற்று என்பதைக் கண்டறிய எளிது. நகர்த்துவதைவிட நகலெடுத்து, எண்ணிக்கையைச் சரிபார்த்த பின்னர் பழையதை அழிக்கலாம். ஜிமெயில் பயனர்கள் தங்கள் மடல்கள் அனைத்தையும் டேக்அவுட் என்ற வசதி மூலம் எம்பாக்ஸ் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். எழுத்துக் கோப்பு என்பதால் அதனைப் பல செயலிகளிலும், தேவைப்பட்டால் வெறும் உரைத்தொகுப்பியிலும் படிக்க இயலும். தமிழ் மடல்கள் மட்டும் பேஸ்64 ஆக இருப்பதால் செயலி தேவைப்படும்.

பயன்படுத்தாத கணக்குகள் தாமாகவே நிலைப்பதில்லை. இரண்டு ஆண்டுகள் புகுபதிகை செய்யப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையை கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. கல்லூரியும் அலுவலகமும் தரும் முகவரிகள் பெரும்பாலும் அங்கிருந்து விலகியதும் மூடப்படுகின்றன. வங்கி, கடவுச்சீட்டு, வருமான வரி ஆகியவற்றுக்கு அத்தகைய முகவரியைக் கொடுத்தவர்கள், கடவுச்சொல்லை மீட்கும் மடல் தங்களால் திறக்க முடியாத பெட்டிக்குச் செல்வதைப் பின்னரே அறிகின்றனர். சொந்த ஆள்களப் பெயரை ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவுசெய்துகொண்டால், முகவரியை மாற்றாமலே வழங்குநரை மாற்றலாம். ஆள்களத்தின் டிஎன்எஸ் பதிவில் அஞ்சல் வழங்கியைக் குறிக்கும் வரிகளைத் திருத்தினால் போதும், புதிய மடல்கள் புதிய இடத்துக்கு வரத் தொடங்கும். பழைய பெட்டியில் கிடப்பவற்றை மட்டும் மேற்கூறிய முறையில் பயனரே கொண்டுவர வேண்டும்.